எரிவெள்ளிக்குக் கோடு போடுவது: மல்லாவியிலிருந்து ஒரு கேள்வி, அதன் பின் வந்த குறிப்புகள்

கேள்வி, 18 யூலை 2023

அண்ணை, நான் மல்லாவி. சிறுபோக நெல்லுக்குப் பன்றிக் காவல் என்று இரண்டு கிழமையாக வயல் கொட்டிலில்தான் படுக்கை. இரவில் எரிவெள்ளி நிறைய விழுகிறது. நட்சத்திரப் படத்தில் அதன் பாதையைக் கோடாகப் போட்டு வைக்கலாம் என்று நீங்கள் முன்பு எழுதியிருந்தீர்கள். இப்போது கமரா எல்லாவற்றையும் பிடிக்குமே. வெறும் கண்ணால் பார்த்துப் பென்சிலால் போடும் கோட்டுக்கு என்ன மதிப்பு? மதிப்பு இருந்தால் எப்படிப் போடுவது?

18 யூலை, இரவு

கமரா கண்ணைவிட நன்றாக அளக்கும். அதில் வாதம் இல்லை. நல்ல பழக்கம் உள்ளவர் போடும் கோடே சில பாகை பிசகும். ஆனாலும் போடுங்கள். ஓர் இரவில் விழுந்தவற்றில் எது எந்தக் குடும்பம் (ஒரே திசையிலிருந்து ஒன்றாக வரும் கூட்டம்), எது தனியாக வந்தது என்று கோடு இல்லாமல் பிரிக்க முடியாது. இன்னொன்று, கண்ணால் எடுத்த பதிவுகள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருக்கின்றன. இன்றைய இரவை 1890களின் இரவோடு ஒப்பிட வேண்டுமானால் அன்றிருந்த அதே கருவி வேண்டும். அது கண்.

செய்முறை இதுதான். சாய்மனைக் கதிரையோ பாயோ, முதுகு சாய வேண்டும். நேர் உச்சியைப் பார்க்காமல் அதற்குச் சற்றுக் கீழே பாருங்கள். ஒரு நீளமான தென்னோலை ஈர்க்கு பக்கத்தில் இருக்கட்டும். எரிவெள்ளி ஓடி மறைந்ததும் தாளை எடுக்காதீர்கள். முதலில் ஈர்க்கைக் கை நீட்டிப் பிடித்து, அது ஓடிய வழியின் மேல் வையுங்கள். ஈர்க்கு எந்த வெள்ளிக்கும் (நட்சத்திரத்துக்கும்) எந்த வெள்ளிக்கும் இடையில் போகிறது, எங்கே தொடங்கியது, எங்கே நின்றது என்று மனதில் பதித்த பிறகுதான் சிவப்பு வெளிச்சத்தில் கோடு. ரோச்சின் வாயில் பட்டம் ஒட்டும் சிவப்புத் தாளைக் கட்டிக்கொள்ளுங்கள். கோட்டின் நுனியில் அம்புக்குறி, பக்கத்தில் எண். கொப்பியில் அந்த எண்ணுக்கு நேரே நேரம், ஒளி, வேகம், நிறம், புகைத்தடம் நின்றதா என்பது.

கடைசியாகக் கோட்டின் மீதான உங்கள் நம்பிக்கை: நன்று என்றால் 1, பரவாயில்லை என்றால் 2, ஊகம் என்றால் 3. பலர் விட்டுவிடுவது இந்த இலக்கத்தைத்தான். எனக்கு மற்றெல்லாவற்றையும்விட அதுதான் வேண்டும்.

எந்த நட்சத்திரப் படமும் போதும்.

19 யூலை

நேற்று எழுதிய கடைசி வரி தவறு. எந்தப் படமும் போதாது. சுழற்றிப் பார்க்கும் வட்டத் தட்டில் நேர்கோடு போட்டால் அது வானத்தில் வளைந்த கோடு. எரிவெள்ளி வளைவதில்லை, வானத்தில் அது ஒரு பெருவட்டத்தின் துண்டு. பெருவட்டம் எல்லாம் நேர்கோடாக விழுகிற ஒரே வகைப் படம் நோமோனிக் படம். கோளத்தின் நடுவில் ஒரு விளக்கை வைத்து, வெளியே ஒட்டிய தட்டைத் தாளில் வெள்ளிகளின் நிழலை விழுத்துவது போல அது வரையப்படும். ஓரங்களில் வெள்ளிக் கூட்டங்கள் இழுபட்டு அகலமாகத் தெரியும், பயப்பட வேண்டாம். சர்வதேச விண்கல் அமைப்பு இதற்கென்றே அப்படிப்பட்ட தாள்களை வைத்திருக்கிறது. அச்சடித்துப் பேப்பர் உறையில் அனுப்புகிறேன்.

31 யூலை

நிலா ஏறத்தாழ முழுமை. தெற்கு டெல்ற்றா அக்குவாரிட் என்ற எரிவெள்ளிக் குடும்பத்தின் உச்சம் இந்த நாட்களில்தான், நிலவெளிச்சத்தில் மங்கலானவை எல்லாம் போய்விட்டன. ஒன்றரை மணி நேரத்தில் நான்கு. அதில் ஒன்று மட்டும் அருமை: மஞ்சள், அவசரமில்லாமல் மகரத்திலிருந்து ஊர்ந்து போனது. அல்பா கப்ரிகோர்னிட் குடும்பம். அது நொடிக்கு 23 கிலோமீற்றர்தான், ஓகஸ்டில் வரும் பேர்சியட் குடும்பம் 59. இந்த வேக வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் வேகத்தை எழுதச் சொல்கிறேன். கோட்டை நீட்டினால் ஒரு குடும்பத்தின் வாசலைத் தொடும், ஆனால் வேகம் பொருந்தாது. அப்படியானால் அது அந்த வீட்டுப் பிள்ளை அல்ல.

வாசல் என்று நான் சொல்வது, ஒரு குடும்பத்தின் கோடுகளை எல்லாம் பின்னோக்கி நீட்டினால் சந்திக்கும் இடம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று வேறொரு நாள் எழுதுகிறேன்.

13 ஓகஸ்ட், மதியம்

இரணைமடுக் குளக்கட்டுக்குக் கீழே, வாய்க்கால் ஓரம். அதிகாலை 1.30 முதல் 4.30 வரை. வடமேற்கே கிளிநொச்சிப் பக்கத்து வெளிச்சம் அடிவானத்தில் ஒரு திட்டு, மற்ற மூன்று பக்கமும் கறுப்பு. மூன்று மணி கழிந்து தேய்பிறைக் கீற்று கிழக்கே எழுந்தது, அதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. மொத்தம் 41, அவற்றில் பேர்சியட் 29. எங்களுக்கு அவற்றின் வாசல் வடக்கே தாழ்வாகத்தான் நிற்கும். உச்சிக்கு வரும்போதே 41 பாகைக்கு மேல் ஏறாது, அதற்குள் விடிந்துவிடும். ஐரோப்பாக்காரர் சொல்லும் எண்ணிக்கையை இங்கே எதிர்பார்க்காதீர்கள்.

கோடு போட்டது 41-க்கும் அல்ல. விரைவாக விழும்போது எண்ணுவது மட்டும்தான் சரி. ஒரு கோட்டுக்கு அரை நிமிடம் தலை குனிகிறோம், அந்த நேரத்தில் விழுந்தது கணக்கில் இல்லை. அந்த அரை நிமிடங்களைக் கூட்டி, பார்த்த நேரத்திலிருந்து கழித்து எழுதுங்கள்.

இரவின் சிறந்தது பேர்சியட் அல்ல. 3.41-க்கு, திமிங்கிலம் என்ற வெள்ளிக் கூட்டத்தின் வடக்கு ஓரத்தில் தொடங்கி, மீன ராசிக்குள் தலைக்கு மேலால் வடமேற்கே ஓடி, உத்திரட்டாதியின் தெற்கு வெள்ளிக்குச் சற்று முன் நின்றது. வியாழன் அளவு ஒளி. போகிற வழியில் இரண்டு முறை பொலிந்தது, முடிவில் பச்சை. வாய்க்கால் தண்ணீரில் வெளிச்சம் அசைந்ததைப் பார்த்தேன். நம்பிக்கை 1.

16 ஓகஸ்ட்

மல்லாவித் தம்பியின் தாள் வந்தது. பதினெட்டுக் கோடு. முதல் இரவுக்கு மிக நல்ல வேலை. பேர்சியட் கோடுகள் பன்னிரண்டில் ஒன்பது வாசலுக்கு அருகே கூடுகின்றன.

ஒரு பிசகு. அவருடைய 11-ஆம் இலக்கம், 3.44, இரண்டு முறை பொலிந்த பச்சை முடிவு. அது நான் 3.41-க்குப் பார்த்ததுதான் என்று நினைக்கிறேன், மணிக்கூடு மாறியிருக்கலாம். அவர் கோடு வியாழனுக்குக் கீழே தொடங்கி, அசுவினியை உரசிக்கொண்டு போகிறது. என் கோட்டிலிருந்து வடகிழக்கே ஒன்றரைக் கைமுட்டி தள்ளி (நீட்டிய கையின் முட்டி ஒன்று ஏறத்தாழப் பத்துப் பாகை). தம்பி, வெளிச்சமானது ஓடினால் எல்லோருக்கும் இது நடக்கும். மனம் அதிர்ந்து, பக்கத்தில் இருக்கும் பிரகாசமான வெள்ளியிடம் கோட்டை இழுத்துவிடும். அதை 3 என்று மாற்றிவிடுங்கள்.

17 ஓகஸ்ட்

அவர் மறுமொழி: "இல்லை அண்ணை. ஈர்க்கு பிடித்துப் பார்த்தேன். அசுவினிக்குக் கொஞ்சம் கீழால்தான் போனது. 1 என்றே இருக்கட்டும்."

சரி, அவர் தாள், அவர் இலக்கம். நான் மேலே வற்புறுத்தவில்லை.

27 ஓகஸ்ட்

வாசல் என்ற சொல் அப்பப்பாவுடையது.

2001 நவம்பர் 18 இரவு. புதுக்குடியிருப்புப் பக்கம் இருந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. வன்னியில் மின்சாரம் இல்லாமல் போய் வருடங்கள் ஆகியிருந்தன, பற்றரி தடை செய்யப்பட்ட பொருள், இரவு என்றால் குப்பி விளக்கும் அதற்கு வெளியே முழு இருட்டும். அன்று பகல் மழை. நடுச்சாமம் கழிந்து முகில் பிரிந்தது. முற்றத்துக்கு வந்த அம்மா வானத்தைப் பார்த்த உடனே எங்களை உள்ளே இழுத்தார். வானத்தில் வெளிச்சம் என்றால் எங்களுக்கு அப்போது ஒரே பொருள்தான், பரா வெளிச்சம், பரசூட்டில் இறங்கும் இராணுவ ஒளிக்குண்டு. அது எரிந்தால் அடுத்தது என்ன வரும் என்று குழந்தைகளுக்கும் தெரியும். அப்பப்பாதான் வெளியே நின்று, சத்தம் இல்லை, பயப்படாமல் வாருங்கள் என்று கூப்பிட்டார்.

கிழக்கு அடிவானத்திலிருந்து நீளமாக, மெல்ல, வானம் முழுக்க ஓடும் கோடுகள். ஒன்றின் தடம் கலைய முன் இன்னொன்று. சற்று நேரத்தில் எண்ணுவதை விட்டுவிட்டேன். அப்பப்பா எண்ணவில்லை. ஒவ்வொன்றும் ஓடியதும் அதன் வாலைப் பிடித்துப் பின்னுக்குக் கையை இழுத்துக் காட்டினார். "பார், எல்லாம் ஒரு வாசலாலதான் வருகுது." கை போய் நின்ற இடத்தில் மகம் எழுந்து வந்துகொண்டிருந்தது.

அது லியோனிட் என்றும், ரெம்பெல்-ரட்டில் வால்வெள்ளி 1866-இல் சூரியனைச் சுற்றியபோது உதிர்த்த தூசியை அன்றிரவு பூமி கடந்தது என்றும் பல வருடம் கழித்துப் படித்தேன். அதன் உச்சம் எங்கள் நேரத்துக்கு நடுச்சாமத்தை ஒட்டி. ஆசியாவுக்கென்றே வந்த மழை அது. படித்த அன்று அப்பப்பா இல்லை. சொல்லியிருந்தால் மகிழ்ந்திருப்பார்.

அந்த இரவுக்குப் பிறகு வானத்தில் வெளிச்சம் தெரிந்தால் நான் முதலில் செய்வது, பின்னோக்கி ஒரு கோடு இழுப்பது.

9 செப்ரெம்பர்

பின்னோக்கி இழுப்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. மேலே எழுதியதைப் படித்து, நான்கு கோட்டை நீட்டிப் புதிய வாசல் கண்டுபிடித்ததாக இருவர் எழுதியிருக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள்.

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் வில்லியம் டெனிங் என்று ஒருவர் இருந்தார், 1848 முதல் 1931 வரை. கண்ணால் எரிவெள்ளி பார்ப்பதில் அவருக்கு இணையாகச் சொல்லச் சிலர்தான் உண்டு. 1920-இல் அன்னக் கூட்டத்தில் புதிய வெள்ளி ஒன்று பொலிந்ததை முதலில் கண்டவரும் அவர்தான். 1899-இல் அவர் தொகுத்த பட்டியலில் வாசல்கள் 4367. அவற்றுள் சில, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதாக உறுதியாக நம்பினார். பூமி சூரியனைச் சுற்றிப் போய்க்கொண்டிருக்கும்போது வாசல் நாளுக்கு நாள் நகர வேண்டும், நிற்க முடியாது. பிறகு அமெரிக்க வானியலாளர் சார்ள்ஸ் ஒலிவியர் போன்றவர்கள் அதை ஏற்கவில்லை. பல இரவுகளின் கோடுகளை ஒன்றாகப் போட்டுச் சந்திப்புத் தேடினால் சந்திப்பு கிடைக்கும். எந்தத் தாளிலும் போதிய கோடு இருந்தால் எங்காவது சில கூடத்தான் செய்யும்.

எனக்கு டெனிங் மேல் பெரிய மரியாதை. அவர் கோடுகளில் குறை இல்லை. கோட்டுக்குப் பிறகு செய்ததில்தான் குறை.

10 செப்ரெம்பர்

நேற்று அதை எழுதிய பிறகு உறக்கம் வரவில்லை. எழுந்து என் பழைய தாள்களை எடுத்தேன். 2018 டிசம்பர் ஜெமினிட், 31 கோடு. எல்லாவற்றையும் பின்னோக்கி நீட்டினேன். அவ்வளவும் புனர்பூசத்துக்குப் பக்கத்தில் இரண்டு பாகைக்குள் கூடின.

அந்தத் தாளை இத்தனை வருடம் பெருமையாக வைத்திருந்தேன். இப்போது பார்த்தால் அது நல்ல தாள் அல்ல. என் கை சில பாகை பிசகும் என்று எனக்கே தெரியும். அப்படியானால் கோடுகள் வாசலைச் சுற்றிச் சிதறியிருக்க வேண்டும். இவ்வளவு ஒழுங்காகக் கூடின என்றால், கோடு போடும்போதே எங்கே கூட வேண்டும் என்று என் கை அறிந்திருந்தது. பார்த்ததை வரையவில்லை, தெரிந்ததை வரைந்திருக்கிறேன்.

ஒப்பிட்டுப் பாருங்கள், தம்பியின் ஓகஸ்ட் தாளில் பன்னிரண்டில் மூன்று வெளியே போயின. அது உண்மையான தாள்.

2018 தாளின் மேல் சிவப்பு மையால் குறிப்பு எழுதி வைத்துவிட்டேன். எறியவில்லை.

1 ஒக்ரோபர்

ஒருவர் கேட்டார்: இதெல்லாம் வெள்ளைக்காரர் வழக்கம்தானே, தமிழில் யார் எரிவெள்ளியைக் குறித்து வைத்தார்கள்?

புறநானூறு 229, கூடலூர் கிழார். யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறப்பதற்கு ஏழு நாள் முன்பு விழுந்த ஒரு மீனைப் பற்றியது. அஞ்சியது போலவே அரசன் இறந்துவிட்ட துயரத்தில் பாடியதுதான், ஆனால் அந்தப் பாட்டின் முதல் பாதியைக் கொப்பிப் பதிவு போலப் படித்துப் பாருங்கள். பங்குனி மாதம். நள்ளிரவு. எந்த நாண்மீன் உச்சியிலிருந்து சாய்ந்தது, எது எதிரே எழுந்தது, எது மறைந்தது. அப்புறம் திசை: கிழக்கேயும் போகவில்லை, வடக்கேயும் போகவில்லை. நாம் இன்று தாளில் நிரப்புகிற பல கட்டங்கள் அங்கே நிரம்பியிருக்கின்றன. துயரம் ஒருபுறம் இருக்க, கண் தன் வேலையைச் செய்திருக்கிறது.

22 ஒக்ரோபர்

ஓரியோனிட் இரவு. நடுச்சாமத்தோடு நிலா மறைந்தது, அதோடு முகிலும் வந்தது. கொட்டிலுக்குள் குந்திக்கொண்டு பழைய தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓகஸ்ட் 13 தாள்கள் இரண்டையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து ரோச்சுக்கு நேரே பிடித்தேன்.

என் 3.41, தம்பியின் 3.44. பிசகிய கோடு என்றால் சாய்வும் மாறியிருக்கும், நீளமும் மாறியிருக்கும். இவை இரண்டும் ஏறத்தாழ இணைகோடுகள். நீளமும் கிட்டத்தட்ட ஒன்று. கோடு முழுவதும் அப்படியே தூக்கி வடகிழக்கே வைத்தது போல இருக்கிறது.

மல்லாவி எனக்குத் தென்மேற்கே.

இதை எழுதும்போது விடிந்துகொண்டிருக்கிறது. தூங்கிவிட்டுக் கணக்கைப் பார்க்கிறேன்.

23 ஒக்ரோபர்

தம்பியிடம் முதலில் மன்னிப்பு. உங்கள் கோடு பிசகவில்லை. உங்கள் கண்ணும் சரி, என் கண்ணும் சரி.

பெருவிரலைக் கண் முன் நீட்டி, ஒரு கண்ணை மூடி, பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். விரல் பின்னால் உள்ள சுவரில் இடம் மாறும். இரண்டு கண், நீங்களும் நானும். சுவர், வெள்ளிகள். விரல், அந்த எரிவெள்ளி. தென்மேற்கே நிற்பவருக்கு அது வடகிழக்கே தள்ளித் தெரிய வேண்டும். அப்படித்தான் நீங்கள் வரைந்திருக்கிறீர்கள்.

உங்கள் கொட்டிலுக்கும் என் வாய்க்காலுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 25 கிலோமீற்றர். இரண்டு கோட்டின் முடிவுப் புள்ளிகளுக்கு இடையே தாளில் 15 பாகை. அது எனக்குக் கிட்டத்தட்டத் தலைக்கு மேல் என்பதால் கணக்கு எளிது: 25-ஐ 15 பாகையின் ராஞ்சனால் (tan), அதாவது 0.268-ஆல் வகுத்தால் 93 கிலோமீற்றர். இருவர் கையும் சேர்ந்து இரண்டு பாகை பிசகியிருந்தால் 82-இலிருந்து 108 வரை எங்காவது. எரிவெள்ளிகள் எரிகிற உயரம் பெரும்பாலும் 80-க்கும் 120-க்கும் இடையில்.

ஓர் ஈர்க்கும் பென்சிலும் கொண்டு, வன்னியின் இரண்டு வயல்களிலிருந்து, ஒரு வெள்ளி எவ்வளவு உயரத்தில் அணைந்தது என்று அளந்திருக்கிறோம். நீங்கள் அன்று என் பேச்சைக் கேட்டு அந்த 1-ஐ 3 ஆக்கியிருந்தால், நான் அந்தக் கோட்டைத் திரும்பிப் பார்த்திருக்கவே மாட்டேன்.

4 நவம்பர்

மணிக்கூட்டுச் சந்தேகம் ஒன்று மிச்சம் இருந்தது. மூன்று நிமிட வித்தியாசம் என்றால் இரண்டு வேறு எரிவெள்ளிகளாக இருக்கக் கூடாதா என்று சிலர் கேட்டது நியாயம். தம்பி சொன்னார், காலை பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க அவர் கைமணிக்கூட்டை எப்போதும் மூன்று நிமிடம் முன்னே வைத்திருப்பாராம். வானொலிச் செய்தி நேரத்தோடு ஒப்பிட்டோம், மூன்று நிமிடமும் சில நொடியும். எனக்குப் போதும்.

இதை முதலில் செய்தவர்கள் பிராண்டெஸ், பென்சென்பெர்க் என்ற இரண்டு மாணவர்கள், ஜேர்மனியின் கோட்டிங்கனில், 1798-இல். சில கிலோமீற்றர் இடைவெளியில் இருவரும் படுத்து ஒரே நேரத்தில் வானத்தைப் பார்த்தார்கள். பார்த்தது 402, இருவருக்கும் பொதுவாகப் பொருந்தியது 22. எரிவெள்ளி முகிலுக்குப் பக்கத்தில் நடக்கும் காற்றுச் சங்கதி என்று பலர் நினைத்திருந்த காலம் அது. முகிலைவிட மிக மிக உயரத்தில் என்று அந்தக் கோடுகள் காட்டின. மாணவர்கள் என்பதைத் தம்பிக்காகவே எழுதுகிறேன்.

16 டிசம்பர்

ஜெமினிட். அமாவாசைக்கு அடுத்த நாட்கள், வருடத்தின் சிறந்த குடும்பம், எங்களுக்கு வாசல் நல்ல உயரத்துக்கு ஏறும். ஆனால் காலபோக மழை. 14 அதிகாலை இரணைமடுவில் நாற்பது நிமிடம் ஓர் ஓட்டை திறந்தது, 1.10 முதல் 1.50 வரை. ஐந்து. மூன்றுக்கு மட்டும் கோடு போட்டேன். இம்முறை ஒவ்வொரு நாளும் வாசல் எங்கே என்று குறித்த தாளை வீட்டில் வைத்துவிட்டுத்தான் போனேன். நீட்டிப் பார்த்ததில் ஒன்று புனர்பூசத்திலிருந்து நான்கு பாகை தள்ளிப் போகிறது. அப்படியே விட்டிருக்கிறேன்.

தம்பியின் தாள் இன்று கிடைத்தது. அவரும் சொன்னபடி அதே நேரம் மல்லாவியில் இருந்திருக்கிறார், மணிக்கூட்டைச் சரிசெய்துகொண்டு. தாளில் கோடு எதுவும் இல்லை. மேலே திகதி, தொடக்கம் 12.45, முடிவு 2.20, முகில் பத்துக்குப் பத்து, எரிவெள்ளி 0. ஓரத்தில் மழைத்துளி பட்டுப் பென்சில் கலங்கிய இடம். ஓகஸ்ட் தாளுக்கு அடுத்ததாக அதே உறையில் வைத்திருக்கிறேன்.